தீபாவளி ஆர்டர் சைட்டுக்கு லோட் டெஸ்ட் (கூட்டம் வந்தால் தாங்குமா என்ற சோதனை) செய்ய எந்த ஓப்பன் சோர்ஸ் கருவி? ஜேமீட்டரா, கே6-ஆ, வேறு ஏதாவதா?

பாளை_பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சைட் செய்து கொடுக்கிறோம், கம்பெனி என்று சொன்னால் வீட்டிலேயே சிரிப்பார்கள். டவுனில் ஒரு அல்வாக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் சைட் போட்டுக் கொடுத்தோம். போன தீபாவளிக்குக் கடைக்கார அண்ணாச்சி தன்னிடம் இருக்கிற ஆறாயிரம் வாடிக்கையாளர் நம்பருக்கும் காலை 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினார். 10.04-க்கு சைட் படுத்தது, 11 மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்று அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் சர்வரைப் பெரிதாக்கினோம், இப்போது 2 கோர், 4 ஜிபி, வாடகை முன்பைவிட இரண்டு மடங்கு. நிரல் பிஎச்பியின் லாரவெலில், தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். இந்தத் தடவை முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற கருவி எல்லாம் நமக்கு ஆகாது. கூடப் படித்தவன் ஒருவன் ஜேமீட்டர் என்கிறான், ஜூனியர் பையன் கே6 என்கிறான், நெட்டில் பார்த்தால் கேட்லிங், லோகஸ்ட், ஆர்ட்டிலரி, வெஜிட்டா என்று சந்தையே விரித்து வைத்திருக்கிறார்கள்.

நேற்று சும்மா ஏபி (அப்பாச்சி பெஞ்ச் என்ற சின்னச் சோதனைக் கருவி) வைத்து முகப்புப் பக்கத்தை ஒரு தட்டு தட்டினேன், சர்வருக்குள்ளேயே இருந்துதான். நொடிக்கு 3,000-க்கு மேல் காட்டுகிறது. அப்படியென்றால் போன வருஷம் ஏன் படுத்தது? அண்ணாச்சி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஒரே நேரத்துல அஞ்சாயிரம் பேர் வந்தா தாங்குமா, தாங்காதா?" எந்தக் கருவி இதற்குச் சரியாகப் பதில் சொல்லும்?


அம்பை_டெஸ்டர் எழுதியது:

தம்பி, ஏபி காட்டிய அந்த 3,000-ஐ முதலில் அழித்துவிடு. அறிக்கையில் 2எக்ஸ்எக்ஸ் (200 மாதிரி வெற்றி என்று சொல்வது) அல்லாத பதில்கள் எத்தனை என்று ஒரு வரி வந்திருக்கும், அதைப் பார்த்தாயா? எச்டிடிபி முகவரியைக் கொடுத்திருப்பாய், என்ஜின்எக்ஸ் "எச்டிடிபிஎஸ்-க்குப் போ" என்று 301 கொடுத்திருக்கும், ஏபி அதைப் பின்தொடர்ந்து போகாது. வாசலில் நிற்கிற வாட்ச்மேன் "அந்தப் பக்கம் போங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்ல முடியும் என்று அளந்திருக்கிறாய், கடைக்குள் யாருமே போகவில்லை.

நான் பன்னிரண்டு வருஷமாக ஜேமீட்டரில்தான் சோறு தின்கிறேன், அதனால் என் பேச்சில் ஒருபக்கச் சாய்வு இருக்கும், தெரிந்தே எழுதுகிறேன். 1998-இல் தொடங்கிய கருவி, அப்பாச்சி உரிமம், ஜாவா இருந்தால் எந்த மெஷினிலும் ஓடும். இதில் யாருக்கும் வராத சந்தேகம் என்று ஒன்றும் இல்லை, நீ முட்டுகிற இடத்தில் பத்து வருஷத்துக்கு முன்பே யாராவது முட்டிக் கேள்வி கேட்டு வைத்திருப்பார்கள். உலாவியில் நீ ஆர்டர் போடுவதை அப்படியே பதிவு செய்து திட்டமாக மாற்றித் தரும், நிரல் எழுதத் தெரியாதவருக்கு அது பெரிய உதவி.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். திரையைத் திறந்து, ஆயிரம் த்ரெட் (ஒரு த்ரெட் என்றால் ஒரு பொய்ப் பயனர்) போட்டு, கீழே எல்லாப் பதிலையும் மரம் மாதிரி காட்டுகிற பகுதியையும் சேர்த்துவிட்டு பச்சைப் பொத்தானை அமுக்குவார்கள். அந்தத் திரை திட்டம் எழுத மட்டும். ஓட்டுவது கட்டளை வரியில்தான், முடிந்ததும் எச்டிஎம்எல் அறிக்கை அதுவே செய்து கொடுக்கும். ஒரு பயனருக்கு ஒரு ஜாவா த்ரெட் என்பதால் நினைவகமும் தின்னும், இயல்பாக 1 ஜிபிதான் எடுத்துக்கொள்ளும், கூட்ட வேண்டுமானால் நீதான் கூட்ட வேண்டும்.

லாரவெல் என்கிறாய். பதிவு செய்த திட்டத்தை அப்படியே ஓட்டினால் எல்லாம் 419 (டோக்கன் பொருந்தவில்லை என்ற பிழை) வரும். படிவத்துக்குள் இருக்கிற சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (படிவம் நம் சைட்டிலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியச் சொல்) ஆளுக்கு ஆள் மாறும், அதை முந்தைய பதிலிலிருந்து எடுத்து அடுத்த கோரிக்கையில் வைக்க வேண்டும், குக்கி மேனேஜரும் சேர்க்க வேண்டும். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. லாகின் தோற்றுப்போனால் உன் சைட் லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும், அந்தப் பக்கம் 200 என்று அழகாக வரும், அறிக்கை முழுக்கப் பச்சை. நான் ஒரு வங்கி வேலையில் இரண்டு நாள் லாகின் பக்கத்தையே லோட் டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன், மேலாளர் முன்னால் வரைபடம் எல்லாம் போட்டுக் காட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து எந்தக் கருவியாக இருந்தாலும் சரி, "ஆர்டர் எண்" என்ற சொல் பதிலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.


தாமிரபரணித்தண்ணி எழுதியது:

அக்கா சொன்ன 301 விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் கருவி என்று வந்தால் இவர்கள் நாலு பேருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருக்கும், அதனால் நான் கே6 பக்கம். கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு, இறக்கி வைத்தால் ஓடும், சோதனையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி உங்கள் மூல நிரலோடு கிட் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஜேமீட்டர் திட்டம் எக்ஸ்எம்எல். இரண்டு பேர் திருத்தினால் யார் எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். "பி95 (நூற்றில் 95 கோரிக்கை இதற்குள் முடியும் என்ற நேரம்) ஒரு நொடிக்குள், பிழை நூற்றில் ஒன்றுக்குள்" என்று வரம்பு எழுதிவைத்தால் மீறியதும் தோல்வி என்று தானாகவே சொல்லும். 2021-இல் வரைபடக் கருவி செய்கிற கிராஃபானா கம்பெனி வாங்கிய பிறகு வரைபடத்துக்கும் குறையில்லை. உரிமம் ஏஜிபிஎல் (மாற்றிப் பயன்படுத்தினால் நிரலைத் திறந்து கொடுக்கச் சொல்வது) என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தக் கருவியால் உங்கள் சைட்டைச் சோதிப்பதால் உங்கள் நிரலை வெளியிட வேண்டியதில்லை.

ஆனால் கருவிக்கு முன்னால் அண்ணாச்சி கேட்ட கேள்வியைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்ய வேண்டும். "ஒரே நேரத்தில் 5,000 பேர்" என்றால் என்ன? சாயங்காலம் டவுனில் அல்வாவுக்கு நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே தராசு மெதுவாக நடக்கிறது என்பதற்காக ரதவீதியில் வந்துகொண்டிருக்கிறவன் தன் நடையைக் குறைக்க மாட்டான். வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான், வரிசைதான் நீளும். உங்கள் சைட்டுக்கு வருகிற கூட்டம் இந்த மாதிரி.

இப்போது "100 த்ரெட்" என்று போட்டால் கருவி என்ன செய்யும்? நூறு பேரை வரிசையில் நிறுத்தி, வாங்கிய ஆளையே திரும்பத் திரும்ப வரிசைக்கு அனுப்பும். சர்வர் மெதுவானால் அந்த நூறு பேரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள், புதிய ஆள் யாரும் வருவதில்லை, அதாவது சர்வர் திணறத் திணறக் கருவியே சுமையைக் குறைத்துக் கொடுக்கிறது. அறிக்கை நன்றாக இருக்கும், தீபாவளிக்குப் படுக்கும். இதை மூடிய முறை என்பார்கள், உங்களுக்கு வேண்டியது திறந்த முறை: நொடிக்கு இத்தனை பேர் வருகிறார்கள், உள்ளே என்ன நடந்தாலும் வருகிறார்கள். கே6-இல் இது வருகை வீதம் என்று நேரடியாகவே இருக்கிறது. கேட்லிங்கிலும் இருக்கிறது. ஜேமீட்டரிலும் 5.5 பதிப்பிலிருந்து ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் வந்துவிட்டது, அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். வெஜிட்டாவும் நிலையான வீதத்தில்தான் அடிக்கும், ஆனால் லாகின், கூடை, ஆர்டர் என்று படிப்படியாகப் போகிற வேலைக்கு அது தோதில்லை.

கணக்கு இப்படி. ஆறாயிரத்தில் பாதிப்பேர் முதல் 5 நிமிஷத்தில் தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 3,000 பேர், 300 நொடி, நொடிக்கு 10 பேர். ஒருவர் சைட்டில் 3 நிமிஷம் இருந்தால் 10 பெருக்கல் 180, உள்ளே எந்நேரமும் 1,800 பேர். 5,000 இல்லை. ஒருவர் ஆறு பக்கம் பார்த்தால் நொடிக்கு 60 பக்கம். சோதிக்க வேண்டிய எண் இதுதான், அப்புறம் பாதுகாப்புக்கு அதை இரண்டு மடங்காக்கியும் பாருங்கள்.


களக்காட்டான் எழுதியது:

லோகஸ்ட்டை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லையே. நம்மூர் வயல்காட்டில் வெட்டுக்கிளி என்றால் அடித்து விரட்டுவோம், இங்கே அது நல்ல பூச்சி. பைத்தான் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுலபம் கிடையாது, ஒரு கிளாஸ், நாலு டாஸ்க், முடிந்தது. 8089 போர்ட்டில் ஒரு பக்கம் வரும், ஆட்களை அங்கேயே கூட்டலாம், குறைக்கலாம், வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினால் அவருக்கும் புரியும். ஒரு செயல்முறை ஒரு கோரைத்தான் பயன்படுத்தும், அதனால் அதிகச் சுமை வேண்டுமானால் வொர்க்கர்களைப் பிரித்து ஓட்ட வேண்டும். மேலே சொன்ன மூடிய முறைச் சிக்கல் இதிலும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாலு பேருக்கும் பைத்தான் வராது என்றால் விட்டுவிடுங்கள், கருவிக்காக ஒரு மொழி படிக்க ஆறு வாரம் பத்தாது.


சர்வர்_சுடலை எழுதியது:

எல்லோரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கே உட்கார்ந்து அடிக்கப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சர்வருக்குள்ளேயே இருந்து அடித்தால் இரண்டு கோரில் பாதியை அடிக்கிற கருவியே தின்னும். வீட்டு பிராட்பேண்டிலிருந்து அடித்தால் அளப்பது உங்கள் தெருக் கம்பியின் வேகத்தைத்தான். அதே ஊர் டேட்டாசென்டரில் இன்னொரு சின்ன சர்வரை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து அடித்து, முடிந்ததும் அழித்துவிடுங்கள், டீக்காசுதான் ஆகும்.

அந்த மெஷினிலும் லினக்ஸ் சும்மா விடாது. ஒரு செயல்முறைக்குத் திறந்த கோப்பு 1,024 என்று இருக்கும், முதலில் அதைக் கூட்டுங்கள். வெளியே போகிற போர்ட்டுகள் 32768-இலிருந்து 60999 வரை, சுமார் 28,000. மூடிய இணைப்பு ஒன்று 60 நொடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், இணைப்பைத் திரும்பப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்தால் ஒரே சர்வரை நோக்கி நொடிக்கு 470-க்கு மேல் தாங்காது. நொடிக்கு 60 பக்கம் என்றால் கவலையில்லை, ஆனால் பக்கத்தோடு படம், ஸ்டைல் கோப்பு எல்லாம் சேர்த்து அடிக்கும்போது இடிக்கும்.

சர்வர் பக்கம் வருவோம். பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி பக்கங்களை ஓட்டுகிற செயல்முறைகளை நிர்வகிப்பது) அமைப்பைத் தொட்டீர்களா? தொடாவிட்டால் பல இடங்களில் 5 சைல்டோடுதான் வரும், 4 ஜிபி போட்டாலும் 40 ஜிபி போட்டாலும் ஐந்து ஆள்தான் கவுண்டரில். அதைப் பார்த்துவிட்டு 200 என்று போடாதீர்கள், மைஎஸ்க்யூஎல் இணைப்பு இயல்பாக 151-தான், அப்புறம் அது கதவைச் சாத்தும். இன்னொரு கணக்கு: ஒரு பக்கத்துக்கு 100 மில்லிநொடி சிபியூ வேலை என்றால் ஒரு கோர் நொடிக்கு 10 பக்கம், இரண்டு கோர் 20. உங்களுக்கு வேண்டியது 60. எந்தக் கருவியையும் இறக்காமலேயே விடை வந்துவிட்டது பாருங்கள். அல்வா படம், விலைப்பட்டியல் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அதைத் தயார் நகலாக கேஷில் வைத்துவிட்டு லாகின், கூடை, ஆர்டர் மூன்றை மட்டும் பிஎச்பிக்கு விடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நான் கையைச் சுட்டுக்கொண்டு படித்தது. ஓடிபி எஸ்எம்எஸ்-ஐ அணைக்காமல் ஒரு ராத்திரி டெஸ்ட்டை ஓட விட்டுவிட்டு தூங்கப் போய்விட்டேன். காலையில் எஸ்எம்எஸ் கணக்கில் பைசா இல்லை, எவனோ ஒரு புண்ணியவானின் நம்பருக்கு நாலாயிரம் ஓடிபி போயிருக்கிறது. எஸ்எம்எஸ், பேமெண்ட், வாட்ஸ்அப் மூன்றையும் பொய்ப் பதில் கொடுக்கிற மாதிரி மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பேமெண்ட் கேட்வேயை நேரடியாக அடித்தால் அவர்கள் உங்கள் கணக்கை முடக்குவார்கள், முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கிற இடைச் சர்வர்) இருந்தால் அது உங்களைத் தாக்குதல்காரன் என்று தடுக்கும். அதனால் சர்வர் கொடுத்தவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.


அம்பை_டெஸ்டர் எழுதியது:

சுடலை சொன்னதோடு ஒன்று. பொய் பேமெண்ட் உடனே பதில் கொடுக்கக் கூடாது, நிஜத்தில் எடுக்கிற நேரத்தை அதுவும் எடுக்க வேண்டும், இரண்டு நொடி தூங்க வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பெரிய வியாதி எல்லாம் ஒளிந்துகொள்ளும். சோதனை ஆர்டரையும் நூறு பொருளில் சமமாகப் பிரித்துப் போடாதீர்கள், போன வருஷம் எது எவ்வளவு விற்றதோ அந்த விகிதத்தில் போடுங்கள்.


பாளை_பொடியன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 301-தான். பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

கே6 எடுத்தோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஜூனியர் பையன் மறுநாளே லாகினிலிருந்து ஆர்டர் வரைக்கும் எழுதிக்கொண்டு வந்துவிட்டான், டோக்கன் எடுப்பதும் சேர்த்து. எஃப்பிஎம் பார்த்தோம், போன வருஷம் அதே 5-தான் இருந்திருக்கிறது, சர்வரைப் பெரிதாக்கியபோதும் அதை யாரும் தொடவில்லை. 30 ஆக்கி, பட்டியலை கேஷில் வைத்தோம், நொடிக்கு ஒருவர், இரண்டு பேர், நாலு பேர் என்று ஏற்றினோம், பிரமாதமாகப் போனது. டீ குடித்துக் கொண்டாடினோம்.

அப்புறம்தான் அக்கா சொன்ன மாதிரி பேமெண்ட்டை இரண்டு நொடி தூங்க வைத்து, போன வருஷ விகிதத்தில் ஆர்டர் போட்டோம். எங்கள் பட்டியலில் நாற்பது பொருள் இருக்கிறது, மிக்சர், காராச்சேவு, முந்திரி கொத்து என்று, ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாங்குவது அரைக்கிலோ அல்வா. நொடிக்கு இரண்டு பேர் வந்தபோதே மொத்த சைட்டும் உறைந்துவிட்டது, முகப்புப் பக்கம்கூட வரவில்லை. சிபியூவைப் பார்த்தால் சும்மா இருக்கிறது, நூற்றுக்கு ஏழு எட்டு.

நாள் முழுக்கத் தேடிக் கடைசியில் கிடைத்தது இது. ஆர்டர் போடும்போது டிரான்சாக்‌ஷனைத் திறந்து, ஸ்டாக் டேபிளில் அந்த அரைக்கிலோ அல்வா வரிசையைப் பூட்டி, பூட்டை வைத்துக்கொண்டே பேமெண்ட் கேட்வேயிடம் பேசி, பதில் வந்த பிறகுதான் பூட்டைத் திறக்கிறோம். எழுதியது நான்தான். பூட்டு இரண்டு நொடி என்றால் நிமிஷத்துக்கு 30 அல்வா ஆர்டர், எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் அதே 30. மற்றவர்கள் எல்லாம் பூட்டுக்குக் காத்து நிற்கிறார்கள், மைஎஸ்க்யூஎல் 50 நொடி வரை பொறுத்துப் பார்க்கும், அதற்குள் எஃப்பிஎம்மின் முப்பது ஆளும் காத்திருப்பிலேயே தீர்ந்துவிடுகிறார்கள், புதிதாக வருகிறவனுக்கு முகப்பைக் காட்டக்கூட ஆள் இல்லை. போன வருஷம் 10.04-க்கு நடந்ததும் இதுதான், ஐந்தே ஆளோடு.

இப்போது மாற்றிவிட்டோம். ஸ்டாக் இருந்தால் கழித்து உடனே கமிட் (மாற்றத்தைப் பதிந்து முடிப்பது), பூட்டு மில்லிநொடிக் கணக்கில் திறந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் பேமெண்ட், 10 நிமிஷத்துக்குள் பணம் வராவிட்டால் ஸ்டாக்கைத் திருப்பி வைக்கிற ஒரு வேலை தனியாக ஓடுகிறது. நேற்று நொடிக்கு 10 பேர் வைத்து அரைமணி நேரம் ஓட்டினோம், பி95 ஒரு நொடிக்குள் நின்றது. 20 வைத்தால் 14-ஐத் தாண்டியதும் வரிசை நீள ஆரம்பிக்கிறது, அதுவரை பிழை இல்லை. அண்ணாச்சி வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு லிங்க் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டார்.


தாமிரபரணித்தண்ணி எழுதியது:

சிபியூ சும்மா இருக்க சைட் உறைவது, நல்ல மீன் பிடித்திருக்கிறீர்கள். 14 என்பது கொஞ்சம் நெருக்கம். ஆறாயிரம் பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்பாமல் டவுன், பாளை, வெளியூர் என்று மூன்றாகப் பிரித்து அரைமணி இடைவெளியில் அனுப்பச் சொல்லுங்கள், செலவில்லாத வைத்தியம்.


சர்வர்_சுடலை எழுதியது:

வெள்ளிக்கிழமை 10.30-இலிருந்து 12 மணி வரை இராகு காலம் தம்பி. மூன்றாகப் பிரித்தாலும் இரண்டாவது ஆளுக்கு 10.30-க்கு லிங்க் போகும், அவர் 12 வரை தொட மாட்டார். முதல் செட்டோ 10.30-க்குள் முடித்துவிடத் துடிக்கும். உன் 5 நிமிஷக் கணக்கில் அது இருக்கிறதா?


பாளை_பொடியன் எழுதியது:

இல்லை. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன், காலண்டரைக் கிழித்துப் பார்த்துவிட்டு "இத மொதல்லயே சொல்லக் கூடாதாலே" என்றார். வியாழக்கிழமைக்கு மாற்றியாயிற்று, காலை 9, 10, 11 என்று மூன்று தவணை. இன்று ராத்திரி நொடிக்கு 14 பேர் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டப்போகிறோம், எஸ்எம்எஸ்-ஐ அணைத்தாயா என்று ஜூனியரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.